"உதவி" என்று போட்டு அவள் பெயரை எழுதாதீர்கள்

போன சனிக்கிழமை ஊட்டியில் ஒரு பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு நடுவராகப் போயிருந்தேன். வீட்டுக்கு வந்து இரண்டு நாளாகியும் மனசு ஆறவில்லை. கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப்போகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

முத்தோரை பாலாடா பக்கத்துப் பிள்ளைகள் இரண்டு பேர், ஒரு பெண், ஒரு பையன், ஒன்பதாம் வகுப்பு. மேசையில் ஒரு டைபோல் ஆன்டெனா வைத்திருந்தார்கள். பழைய டிவி ஆன்டெனாவிலிருந்து அறுத்தெடுத்த இரண்டு அலுமினியக் குழாய், நடுவில் கேபிள், அதை ஒரு சின்ன ரிசீவர் வழியாக லேப்டாப்பில் மாட்டியிருந்தார்கள். பக்கத்து அறையில் மிக்ஸி ஓடினால் திரையில் கோடு துள்ளுகிறது. இதற்கு ஏன் 46 சென்டிமீட்டர் நீளம் என்று கேட்டேன். "நம்ம முத்தோரை டெலஸ்கோப் கேட்கிறது 326.5 மெகாஹெர்ட்ஸ், டீச்சர். அலைநீளம் 92 சென்டிமீட்டர் வருது, அதுல பாதி" என்று அந்தப் பெண் யோசிக்காமல் சொன்னாள். கணக்குப் போட்டது அவள், குழாயை அளந்து அறுத்தது அவள், சால்டரிங் வைத்ததும் அவள்தான், கட்டைவிரலில் சூடு பட்ட தழும்பு இன்னும் சிவப்பாக இருந்தது. ஆனால் மேசை மேல் இருந்த அட்டையில் பையனின் பெயர் பெரிதாக, அதற்குக் கீழே சின்ன எழுத்தில் "உதவி" என்று போட்டு அவள் பெயர். அட்டையை எழுதிக் கொடுத்தது பெரியவர் ஒருவர். பையன் நல்ல பிள்ளை. அவனே தயங்கித் தயங்கி, "நான் கம்பம் மட்டும்தான் நட்டேன் டீச்சர்" என்றான்.

ஒரு அட்டைதானே என்று என்னால் விட முடியவில்லை. ரேடியோ அறிவியலில் பெண்கள் செய்த வேலை பாதிக்கு மேல் இந்த "உதவி"க்குள்தான் புதைந்து கிடக்கிறது என்று நம்புகிறவள் நான்.

வெளியூர் நண்பர்களுக்காக அந்த டெலஸ்கோப்பைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். வானத்திலிருந்து வரும் ரேடியோ அலைகளைக் கேட்கிற ரேடியோ டெலஸ்கோப் அது. குழல் கிடையாது, லென்ஸ் கிடையாது. கேரட்டும் உருளைக்கிழங்கும் விளைகிற சரிவுகளுக்கு மேலே, 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலத்துக்கு 24 இரும்புச் சட்டங்களில் 1,100 எவர்சில்வர் கம்பிகளைக் கொடி மாதிரி இழுத்துக் கட்டியிருக்கிறார்கள். 1970-இல் முடிந்த வேலை. இந்த மலையை எதற்காகத் தேடிப் பிடித்தார்கள் என்றால், சரிவு ஏறக்குறைய 11 டிகிரி, ஊர் இருக்கிற அட்சரேகையும் 11 டிகிரி. அதனால் டெலஸ்கோப்பின் நீள அச்சு பூமி சுழலும் அச்சுக்கு இணையாகவே படுத்திருக்கிறது, அதை ஒரே அச்சில் மெதுவாகத் திருப்பிக்கொண்டே போனால் வானத்தில் ஒரு பொருளை ஒன்பதரை மணி நேரம் விடாமல் பின்தொடரலாம். இந்தியாவிலேயே வடிவமைத்துக் கட்டியது. எங்கள் ஊர்ப் பனியும் அதை ஒன்றும் செய்யாது, எதிர்வீடு தெரியாத மூடுபனியிலும் அந்த அலைகள் வந்துகொண்டுதான் இருக்கும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு மெய்சிலிர்க்கும்.

இதைக் கட்டியவர் கோவிந்த் ஸ்வரூப். அவர் மேல் எனக்கு அளவில்லாத மரியாதை உண்டு. அவர் இந்தத் தொழிலைக் கற்றுக்கொண்டது சிட்னியில் ஒரு ரேடியோ ஆய்வகத்தில். 1953-இல் அங்கே போனார். அங்கிருந்த 32 சின்ன டிஷ்கள் பிறகு இந்தியாவுக்கே நன்கொடையாக வந்து, மும்பை அருகே கல்யாணில் நம் நாட்டின் ரேடியோ வானியலுக்குத் தொடக்கம் ஆயின. இது பலருக்குத் தெரியும். ஆனால் அவர் போய்ச் சேருவதற்கு இரண்டு வருடம் முன்பு அதே ஆய்வகத்திலிருந்து ஒரு பெண் வெளியேறியிருந்தார். ரூபி பெய்ன்-ஸ்காட். 1912-இல் பிறந்தவர், உலகத்தின் முதல் பெண் ரேடியோ வானியலாளர் என்று சொல்லப்படுகிறவர். போர்க்காலத்தில் ரேடார் வேலைக்குச் சேர்ந்தவர், 1946 தொடக்கத்தில் சிட்னியின் கடலோரப் பாறை உச்சியில் ஆன்டெனாவை வைத்து, நேரே வரும் அலையையும் கடலில் பட்டுத் திரும்பும் அலையையும் சேர்த்துப் பார்த்து, சூரியனின் ரேடியோ இரைச்சல் கரும்புள்ளிப் பகுதியிலிருந்துதான் வருகிறது என்று சக ஆய்வாளர்களோடு காட்டினார். அதை எழுதிய கட்டுரையில்தான், இப்படித் துண்டுதுண்டாக எடுத்த அளவீடுகளைக் கணக்கால் சேர்த்து வானத்தின் படத்தையே உண்டாக்கலாம் என்ற யோசனை வருகிறது. இன்று புனே பக்கத்தில் 45 மீட்டர் டிஷ்கள் 30 நிற்கிற ஜி.எம்.ஆர்.டி. என்ற ரேடியோ டெலஸ்கோப் வரைக்கும் அந்த யோசனையில்தான் ஓடுகிறது.

அவர் ஏன் வெளியேறினார்? கல்யாணம் செய்துகொண்டார், அவ்வளவுதான். அன்றைய ஆஸ்திரேலிய அரசுப் பணியில் திருமணமான பெண்ணுக்கு நிரந்தர வேலை கிடையாது. 1944-இல் நடந்த திருமணத்தை வெளியே சொல்லாமல் வைத்திருந்தார், 1950-இல் தெரிந்துபோய் நிரந்தரப் பணி பறிபோனது, 1951-இல் பிள்ளைப்பேறு நெருங்கியபோது பிரசவ விடுப்பு என்று ஒன்றே இல்லாததால் வேலையை விட்டார். பிறகு ஒரு பெண்கள் பள்ளியில் ஆசிரியையாக இருந்தார். அந்தச் சட்டத்தை எடுத்தது 1966-இல். நானும் பள்ளிக்கூட ஆசிரியைதான், விரும்பி வந்தவள். ஆனாலும் அந்த வரியைப் படிக்கும்போதெல்லாம் தொண்டை அடைக்கிறது.

அப்புறம் ஜோஸலின் பெல். இவர் கதை கொஞ்சம் பிரபலம், ஆனாலும் பாதியைத்தான் சொல்கிறார்கள். கேம்பிரிட்ஜில் நாலு ஏக்கருக்கு மேல் பரப்பில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கம்பங்கள் நட்டுக் கம்பி இழுத்த கூட்டத்தில், சம்மட்டி பிடித்த ஆராய்ச்சி மாணவி அவர். அந்த ஆன்டெனா எதற்கு? சூரியனிலிருந்து ஓயாமல் வீசும் துகள்களின் ஓட்டமான சூரியக் காற்று ஊடே வரும்போது தூரத்து ரேடியோ மூலங்கள் மினுக்குகின்றனவே, அந்த மினுக்கலைப் பதிவு செய்ய. எங்கள் முத்தோரை டெலஸ்கோப்பும் அதே மினுக்கலை வைத்துத்தான் பல வருடமாகச் சூரியக் காற்றை அளந்து வருகிறது. ஒரு நாளைக்கு ஏறக்குறைய 100 அடி காகிதச் சுருள் வெளியே வரும், அத்தனையையும் கண்ணாலேயே பார்த்து 1967-இல் ஒரு சின்னக் கிறுக்கலைக் கவனித்தார். 1.33 விநாடிக்கு ஒரு துடிப்பு. முதல் பல்சார், அதாவது சுழன்றபடி சீராக ரேடியோ துடிப்புகளை அனுப்புகிற நட்சத்திரம். 1974-இல் அதற்கு நோபல் பரிசு வந்தபோது அவருடைய ஆசிரியர் பெயர் இருந்தது, இவர் பெயர் இல்லை. பத்திரிகைக்காரர்கள் ஆசிரியரிடம் இயற்பியல் கேட்டார்கள், இவரிடம் காதலன் இருக்கிறானா என்று கேட்டார்கள். மாணவர்களுக்கு நோபல் தராததில் தவறில்லை என்று அவரே சொல்லியிருக்கிறார். அது அவர் பெருந்தன்மை, நான் ஏற்கவில்லை. 2018-இல் அவருக்கு 30 லட்சம் டாலர் பரிசு கிடைத்தது, அத்தனையையும் இயற்பியலில் ஒதுக்கப்பட்டவர்கள் ஆராய்ச்சி செய்வதற்கு உதவித்தொகையாகக் கொடுத்துவிட்டார்.

தூரதேசத்துக்குப் போவானேன். கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் 1909-இல் ஜான் எவர்ஷெட் கண்டுபிடித்ததை, அதாவது சூரியக் கரும்புள்ளியில் வாயு வெளிப்பக்கமாக ஓடுவதை, அவர் பெயரிலேயே அழைக்கிறோம், சரி, சந்தோஷம். அதே மலையில் அவரோடு இருந்து, சூரிய விளிம்பில் எழும் பிழம்புகளைப் பற்றி அவரோடு சேர்ந்து ஆய்வறிக்கை எழுதிய அவர் மனைவி மேரி எவர்ஷெட்டை எத்தனை பேருக்குத் தெரியும்? அது ஒளி வானியல், ரேடியோ இல்லை, ஆனால் பழக்கம் ஒன்றுதான். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் மைக்ரோவேவ், ஆன்டெனா ஆராய்ச்சியைக் கணவரோடு சேர்ந்து வளர்த்த ராஜேஸ்வரி சாட்டர்ஜியை எங்கள் பாடப்புத்தகங்களில் நான் பார்த்ததே இல்லை.

என் கதையும் ஒன்று உண்டு. எம்.எஸ்ஸி. படிக்கும்போது ஒரு ஆய்வகத்தில் எட்டு மாதம் ஆன்டெனா அளவீடு எடுத்தேன். மொட்டை மாடியில் ராத்திரி ராத்திரியாக, கையில் நோட்டும் டார்ச்சும். கட்டுரை வெளிவந்தது. கடைசியில் ஒரு வரி, அளவீடுகளில் உதவிய மாணவிக்கு நன்றி. பெயர்கூட இல்லை. இருபது வருடம் ஆகிவிட்டது, அந்த வரி எனக்கு மனப்பாடம்.

இதைச் சொன்னால், திறமை இருந்தால் பெயர் தானாக வரும் என்கிறார்கள். பெய்ன்-ஸ்காட்டுக்குத் திறமை இல்லையா? பெயர் தானாக வராது, யாராவது எழுத வேண்டும். ஆய்வகப் பதிவேட்டில் அன்றன்றைக்கு யார் அளந்தது, யார் பற்றவைத்தது, யார் கணக்குப் போட்டது என்று பெயரோடு எழுதினால் ஆறு மாதம் கழித்து யாரும் யாரையும் "உதவி" ஆக்க முடியாது. செலவே இல்லாத வேலை இது. பள்ளியில் இப்போதே பழக்கலாம்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். எங்கள் பக்கத்து அம்மாக்கள் பெண்ணைப் படிக்காதே என்று சொல்வதில்லை. கேரட் கழுவி வந்த காசில் ஃபீஸ் கட்டுகிறவர்கள் அவர்கள். அவர்கள் கேட்பது, "ராத்திரி வேலைன்னா எப்படிம்மா வீடு வந்து சேருவே?" நியாயமான கேள்வி. கடைசி பஸ் போய்விட்டால் ரோட்டில் காட்டெருமை நிற்கும், சிறுத்தை நடமாட்டம் வேறு. ரேடியோ வானியலில் பகல் இரவு கிடையாது. ஆகவே பெண்கள் வர வேண்டும் என்று மேடையில் பேசுகிற எந்த ஊர் நிறுவனமானாலும் முதலில் வண்டி, தங்குமிடம், வெளிச்சம், கைக்குழந்தையோடு வந்தால் விட ஒரு இடம், இவற்றுக்குப் பதில் சொல்லட்டும். 1919-இல் தொடங்கிய சர்வதேச வானொலி அறிவியல் ஒன்றியத்திலேயே இன்று பெண்களுக்காகத் தனி முயற்சி நடக்கிறது, ஜி.எம்.ஆர்.டி.யில் பாஸ்வதி பட்டாச்சார்யா போன்றவர்கள் புதிய பல்சார்களைத் தேடிக் கண்டுபிடித்துக்கொண்டிருக்கிறார்கள். இதெல்லாம் பாலாடா பிள்ளைக்கு எட்ட வேண்டுமென்றால் நடுவில் ஒரு பஸ் வேண்டும்.

சனிக்கிழமை மதியமே அந்த அட்டையை மாற்றச் சொன்னேன். ஸ்கெட்ச் பேனாவை வாங்கிப் பையன்தான் எழுதினான். மேலே அவள் பெயர், பக்கத்தில் "கணக்கு, அளவு, சால்டரிங்". அதற்குக் கீழே தன் பெயர், பக்கத்தில் "கம்பம் நட்டது". சாயங்காலம் வேலை முடிந்து அவள் அம்மா வந்தார், கையில் மண் காயவில்லை. அட்டையை எழுத்துக்கூட்டி இரண்டு தரம் படித்துவிட்டு, "சால்டரிங்னா என்னடி?" என்று கேட்டார். அவள் கட்டைவிரலைக் காட்டி விளக்க ஆரம்பித்தாள்.