எண்பது வயதுக் குரலுக்கு எந்தக் கட்டை?

மூத்த பாடகி ஒருவர் புது ஆல்பம் போடுகிறார் என்று செய்தி வந்ததும், கூடப் பாடுகிறவர்கள் யார் யார் என்றுதான் எல்லாரும் முதலில் பார்க்கிறார்கள். பட்டியல் நீளமாக இருந்தால் பெரிய ஆல்பம் என்று முடிவே கட்டிவிடுகிறார்கள். நான் அந்தப் பட்டியலைக் கடைசியில்தான் பார்ப்பேன். எந்தக் கட்டையில், அதாவது எந்தச் சுருதியில் பாடியிருக்கிறார், வாத்தியக்காரர்கள் அவரோடு ஒரே அறையில் உட்கார்ந்து வாசித்தார்களா, பாட்டுகளில் எத்தனை புதுசு, குரலை எவ்வளவு தேய்த்து மெழுகியிருக்கிறார்கள், இதெல்லாம் முதலில் தெரியவேண்டும். அமெரிக்கக் கிராமப்புறத்தில் பிறந்த கன்ட்ரி இசையில் இதைப் புரிந்துகொள்ள லொரெட்டா லின் பிற்காலத்தில் போட்ட ஆல்பங்களைவிட நல்ல பாடம் கிடையாது.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. 1932இல் கென்டக்கி மாநிலத்து நிலக்கரிச் சுரங்கப் பகுதியில், புட்சர் ஹாலர் என்ற இடத்தில் பிறந்தவர். அப்பா சுரங்கத் தொழிலாளி. பதினைந்து வயதில் கல்யாணம். 1960இல் முதல் இசைத்தட்டு. 1972இல் கன்ட்ரி மியூசிக் அசோசியேஷனின் ஆண்டின் சிறந்த கலைஞர் விருதை வாங்கிய முதல் பெண். கருத்தடை மாத்திரையைப் பற்றி அவர் பாடிய பாட்டு 1975இல் வந்தபோது பல வானொலி நிலையங்கள் அதைப் போட மறுத்தன. 2022 அக்டோபரில் 90 வயதில் காலமானார். எழுபது தாண்டிய பிறகு அவர் பாடியவற்றைத்தான் இங்கே பேசப்போகிறேன்.

வயது ஏற ஏறப் பெண் குரலுக்கு என்ன ஆகிறது? மாதவிடாய் நின்றபின் குரல்நாண்கள் தடிக்கின்றன, பேச்சுக்குரலே சற்று இறங்குகிறது. மேல்ஸ்தாயியில் ஒன்றிரண்டு சுரங்கள் கைவிட்டுப் போகும். மூச்சு குறைவதால், முன்பு ஒரே இழுப்பில் பாடிய அடியை இரண்டாக உடைக்க வேண்டியிருக்கும். வைப்ரேட்டோ என்கிற அந்த அசைவு நல்ல வயதில் நொடிக்கு ஐந்திலிருந்து ஏழு அலை இருக்கும். முதுமையில் அதன் வேகம் குறைந்து அகலம் கூடுகிறது. கேட்பவருக்கு அது நடுக்கமாகப் படும். அதே சமயம் கீழ்ஸ்தாயியில் இளவயதில் இல்லாத ஒரு கனம் வந்து உட்கார்கிறது. நல்ல தயாரிப்பாளர் இந்தக் கனத்தை வைத்து ஆல்பத்தைக் கட்டுகிறார். மற்றவர்கள் போன சுரங்களைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

கட்டையை இறக்குவது கன்ட்ரி வாத்தியக்காரர்களுக்குப் பெரிய வேலை இல்லை. கன்ட்ரி இசையின் தலைநகரான நாஷ்வில்லில் ‘எண் முறை’ என்று ஒன்று உண்டு. ஜோர்டனேர்ஸ் பாட்டுக் குழுவின் நீல் மேத்யூஸ் 1950களின் கடைசியில் தொடங்கியது, சார்லி மெக்காய் அதை வளர்த்தார். தாளில் கார்டுகளின் (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டுகளின்) பெயருக்குப் பதிலாக 1, 4, 5 என்று எண்களை எழுதுகிறார்கள். நம் கணக்கில் ஸ, ம, ப. ஐந்து கட்டையில் இருந்த பாட்டை மூன்று கட்டைக்கு இறக்கச் சொன்னால் தாளில் ஓர் எழுத்தும் மாறாது, அடுத்த நிமிடமே வாசித்துவிடலாம்.

ஆனால் இறக்கியவுடன் வேறு இரண்டு சிக்கல் வரும். ஒன்று, கிட்டாரும் ஃபிடிலும் (கன்ட்ரிக்காரர்களின் வயலின்) விரல் வைக்காத திறந்த கம்பிகளை நம்பிய வாத்தியங்கள். ஐந்து கட்டையில் கணீரென்று ஒலித்த கிட்டார், இரண்டரைக் கட்டையில் ஒரே விரலால் எல்லாக் கம்பியையும் அழுத்தும் பார் கார்டு பிடித்தால் மூடிப்போகும். ‘சி’ வடிவ கார்டுகளை மூன்றாவது ஃப்ரெட்டில் கேப்போ என்ற கவ்வியைப் போட்டு வாசித்தால் அந்தக் கணீர் திரும்பி வரும். ஃபிடிலுக்கு அந்த வசதி இல்லை, அதனால் ஃபிடில் அதிகமுள்ள பாட்டை இரண்டரைக்குப் பதில் இரண்டு கட்டையில் வைப்பது மேல். இன்னொரு சிக்கல் பெரியது. குரல் இறங்கும்போது 200 முதல் 300 ஹெர்ட்ஸ் பகுதிக்குள் வந்துவிடுகிறது, அக்கூஸ்டிக் கிட்டாரின் உடலோசையும் அங்கேதான் இருக்கிறது. இரண்டும் மோதினால் சேறு. கிட்டாரில் அந்த இடத்தை இரண்டு மூன்று டெசிபல் வெட்டினால் சொல் தெளிவாகக் கேட்கும். குரலில் வெட்டக்கூடாது. வெட்டினால், எதற்காகக் கட்டையை இறக்கினோமோ அந்தக் கனமே போய்விடும்.

படுக்கவைத்து வாசிக்கும் மின்கிட்டாரான பெடல் ஸ்டீலைப் பற்றியும் சொல்லவேண்டும், கன்ட்ரியின் கண்ணீரே அதுதான். பத்துக் கம்பி, ஈ-நைன் சுருதி, காலுக்கு மூன்று பெடல், முழங்காலுக்கு நான்கைந்து லீவர், வலது காலில் ஒலியளவு பெடல். அது அழுவதும் குரல் அழுவதும் ஒரே உயரத்தில். பாடகிக்கு இருபத்தைந்து வயதென்றால் சேர்ந்து வாசித்தாலும் குரல் மேலே வந்துவிடும். எழுபது வயதில் அடி முடிந்து மூச்சு வாங்கும் இடைவெளியில் மட்டும்தான் ஸ்டீல் பேசவேண்டும்.

அடுத்தது, சுருதி திருத்தும் மென்பொருள். கன்ட்ரியில் பாடகி சுரத்தை நேராகப் பிடிப்பதில்லை, கீழிருந்து வழுக்கிக்கொண்டு போய்த் தொடுகிறார். லொரெட்டாவின் குரலில் ஒரு வார்த்தையின் நடுவே தொண்டை உடைந்து சேரும் இடமும் உண்டு. மென்பொருளுக்கு இந்த இரண்டுமே தப்பு. தானியங்கியாக வேகமாகத் திருத்தவிட்டால் வழுக்கல் படிக்கட்டாகிவிடும். அகலமான வைப்ரேட்டோவை இரண்டு சுரம் என்று நினைத்து அங்குமிங்கும் தாவும். கேட்பவருக்குக் காரணம் தெரியாது, ‘ஏதோ பொம்மை பாடுவதுபோல இருக்கிறது’ என்பார். திருத்தியே ஆகவேண்டுமானால் கையால், ஒரு சுரம் இரண்டு சுரம், அதுவும் நீண்டு நிற்கும் இடத்தில் மட்டும்.

மைக்கிலும் தப்பு நடக்கிறது. பளிச்சென்ற கண்டென்சர் மைக்கை வைத்தால் ‘ஸ’கரச் சீறலும் வாயின் ஈரச் சத்தமும் முன்னால் வந்து நிற்கும். ரிப்பன் மைக்கோ நல்ல டைனமிக் மைக்கோ மூத்த குரலுக்கு இதமானது. வாய்க்கும் மைக்குக்கும் ஒரு சாண். அதைவிட நெருங்கினால் அடியோசை பெருத்துவிடும், தள்ளிப்போனால் மெல்லிய அடிகள் அறைச் சத்தத்தில் கரையும். உரத்த ஒலியை அமுக்கும் கம்ப்ரஷனை இறுக்கினால் பாட்டைவிட மூச்சு பெரிதாகக் கேட்கும். மூன்றுக்கு ஒன்று போதும், மீதியை ஃபேடர் என்ற ஒலியளவுப் பிடியில் கைவைத்து அடிக்கு அடி ஏற்றி இறக்க வேண்டும். ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பப் பாடவைத்துப் பதினைந்து டேக் எடுத்து வரிவரியாக ஒட்டும் பழக்கமும் இங்கே உதவாது. நான்காவது டேக்கிலேயே குரல் களைத்துவிடும், முதல் டேக்கின் முதலடியையும் பத்தாவது டேக்கின் இரண்டாமடியையும் ஒட்டினால் இரண்டு பேர் பாடுவதுபோல் இருக்கும்.

இப்போது 2004க்கு வருவோம். ‘வேன் லியர் ரோஸ்’ ஏப்ரல் மாதம் வந்தது. லொரெட்டாவுக்கு 72 வயது. தயாரிப்பாளர் ஜாக் வைட்டுக்கு 28. ஒயிட் ஸ்ட்ரைப்ஸ் குழுவின் ராக் கிட்டார்க்காரர், 2001இலேயே தங்கள் ஆல்பம் ஒன்றை லொரெட்டாவுக்குக் காணிக்கையாக்கியவர். கிழக்கு நாஷ்வில்லில் ஒரு வீட்டில், எட்டு ட்ராக் டேப்பில், அதாவது எட்டே தனித்தனி ஒலிப்பாதைகளில் பதிவு செய்தார்கள். எட்டு ட்ராக் என்றால் என்னவென்று யோசித்துப் பாருங்கள். டிரம்ஸுக்கு இரண்டு, பேஸுக்கு ஒன்று, கிட்டார்களுக்கு இரண்டு, ஸ்டீலுக்கு ஒன்று என்று கொடுத்தாலே மிச்சம் இரண்டுதான். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று எதையும் தள்ளிவைக்க முடியாது. சின்னக் குழு, டிரம்ஸில் பேட்ரிக் கீலர், பேஸில் ஜாக் லாரன்ஸ், ஸ்டீலில் டேவ் ஃபீனி. பதின்மூன்று உருப்படியும் லொரெட்டா தானே எழுதியவை அல்லது சேர்ந்து எழுதியவை. எழுபது வயதுப் பெண்மணியிடம் இளைஞன் ஒருவன் ‘உங்கள் பழைய ஹிட்டைப் பாடுங்கள்’ என்று கேட்கவில்லை, ‘நீங்கள் எழுதி வைத்திருப்பதைக் காட்டுங்கள்’ என்று கேட்டான். எனக்கு அந்த ஆல்பத்தின் உயிர் இதில்தான் இருக்கிறது.

‘லிட்டில் ரெட் ஷூஸ்’ என்ற உருப்படியை ஹெட்போனில் கேளுங்கள். அதில் அவர் பாடவே இல்லை, சின்ன வயதுக் கதையைப் பேசுகிறார். வாக்கியம் பாதியில் நிற்கிறது, திரும்பத் தொடங்குகிறது, சொன்னதையே சொல்கிறார். வாத்தியங்கள் அந்தப் பேச்சின் நடையைப் பிடித்துக்கொண்டு பின்னால் வருகின்றன. வேறு தயாரிப்பாளராக இருந்தால் அந்தத் தடுமாற்றங்களை வெட்டியிருப்பார். ‘மிஸ் பீயிங் மிஸஸ்’ அதற்கு நேரெதிர். 1996இல் கணவரை இழந்தவர் பாடும் கைம்மைப் பாட்டு, ஒற்றை கிட்டார்தான் துணை. அடியின் கடைசிச் சொல்லில் குரல் மெலிந்து போகிறது. அந்த மெலிவைச் சரிசெய்யாமல் விட்டதற்கு ஜாக் வைட்டுக்கு நன்றி சொல்லவேண்டும். குறை சொல்வதென்றால் ‘ஹேவ் மெர்சி’யில் கிட்டார் இரைச்சல் எனக்குக் கொஞ்சம் அதிகம். ஆல்பம் 2005இல் சிறந்த கன்ட்ரி ஆல்பத்துக்கான கிராமி வாங்கியது, ‘போர்ட்லண்ட், ஓரிகன்’ ஜோடிப்பாட்டுக்கு இன்னொன்று.

பதினைந்து ஆண்டு கழித்து இதே வழியில் ஒருவர் திரும்பி வந்தார். பதின்மூன்று வயதில் ‘டெல்டா டான்’ பாடிப் புகழ்பெற்ற டான்யா டக்கர், பதினேழு ஆண்டு புதுப்பாட்டு ஆல்பமே இல்லாமல் இருந்துவிட்டு 2019இல் ‘வைல் ஐம் லிவின்’ போட்டார். தயாரித்தவர்கள் பிராண்டி கார்லைலும் ஷூட்டர் ஜென்னிங்ஸும். உயிரோடு இருக்கும்போதே எனக்குப் பூவைக் கொடுங்கள் என்ற ஒரு கருத்தை டான்யா பல்லாண்டாக மனதில் வைத்திருந்தார். அது பாட்டாக முடிந்தது ஸ்டுடியோ வந்த பிறகு. பியானோவும் அந்தக் கரகரத்த குரலும் போதுமாக இருந்தது. அவருடைய முதல் கிராமிகள் அந்த ஆல்பத்துக்கும் அந்தப் பாட்டுக்கும் கிடைத்தவைதான்.

விருந்தாளிகளே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எப்படிச் சேர்க்கிறார்கள் என்பதுதான் கேள்வி. வேறு ஊரில் தனியாகப் பாடி அனுப்பிய கோப்பை ஒட்டினால் இருவரின் மூச்சும் சேராது, கட்டையும் விருந்தாளிக்கு ஏற்றதாகிப்போய் மூத்தவர் எட்டிப் பிடிக்க வேண்டிவரும். எதிரெதிரே உட்காரவைத்து, மூத்தவரின் கட்டையை வைத்துக்கொண்டு, இளையவர் மேலே மூன்றாம் சுரத்தில் இணைந்து பாடுவதுதான் முறை. நட்சத்திரப் பட்டியல் எதற்காக நீளுகிறது என்றும் தெரியும். கன்ட்ரி வானொலி பெண்களுக்கே அதிகம் இடம் தருவதில்லை. சாலட்டில் ஆண்கள்தான் கீரை, பெண்கள் தக்காளி என்று 2015இல் ஒரு வானொலி ஆலோசகர் வெளிப்படையாகவே சொன்னார். இளம் பெண்களுக்கே இந்தக் கதி என்றால் எழுபது வயதுக்காரருக்கு என்ன கிடைக்கும்? அதனால்தான் சொல்கிறேன், எப்படியும் போடப்போவதில்லை என்று தெரிந்த வானொலிக்காகக் குரலை மெழுக வேண்டிய கட்டாயமே இல்லை.

லொரெட்டா குடும்பம் செய்த இன்னொரு காரியத்தை மூத்த கலைஞர் உள்ள எல்லா வீடுகளும் கவனிக்க வேண்டும். 2007இல், அவருக்கு 75 வயதில், கன்ட்ரிப் பாடகர் ஜானி கேஷ் கட்டிய மரக்குடில் ஸ்டுடியோவில் பதிவைத் தொடங்கினார்கள். மகள் பேட்ஸியும் ஜானி கேஷின் மகன் ஜான் கார்ட்டர் கேஷும் பொறுப்பு. ஆல்பம் கணக்கில்லாமல், குரல் நன்றாக இருக்கும் நாளில் பாடிப்பாடி 90க்கும் மேற்பட்ட பாட்டுகளைச் சேர்த்துவிட்டார்கள். ‘ஃபுல் சர்க்கிள்’ 2016இல் அதிலிருந்துதான் வந்தது. 2017 மே மாதம் அவருக்குப் பக்கவாதம், 2018 ஜனவரியில் இடுப்பெலும்பு முறிவு. ஊர் ஊராகப் போய்ப் பாடுவது அதோடு நின்றது. ஆனால் அடுத்த ஆல்பம் முன்பே பதிவாகி இருந்ததால், தள்ளிப்போனாலும் 2018 செப்டம்பரில் வெளிவந்துவிட்டது.

கடைசி ஆல்பம் ‘ஸ்டில் உமன் எனஃப்’, 2021 மார்ச். 88 வயது. பழைய பாட்டுகளை மறுபடி பாடுவது எனக்குப் பொதுவாகப் பிடிக்காது, காதுக்குள் இருக்கும் பழைய குரலோடு போட்டி வந்துவிடும். இதிலும் சில இடங்களில் அப்படித்தான். ஆனால் அவருடைய அடையாளமான ‘கோல் மைனர்ஸ் டாட்டர்’ வந்தபோது அவர்கள் செய்ததைப் பாருங்கள். 1970இல் வந்த பாட்டு, அப்போது அவருக்கு 38. கட்டையை இறக்கி மறுபடி பாடவைக்கவில்லை. சொற்களை மட்டும் பேசச் சொல்லிவிட்டார்கள். அப்பாவின் சுரங்கம், அம்மா துவைத்த துணி, மண்ணெண்ணெய் விளக்கு எல்லாம் அந்தக் கென்டக்கி உச்சரிப்பில், அவசரமில்லாமல், ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவில் அவர் மூச்சு வாங்குவது கேட்கும்படி.