சம்பளத்தை வெட்டுங்கள், ஆனால் கணக்கைக் காட்டிவிட்டு வெட்டுங்கள்

விமான நிறுவனம் நட்டத்தில் ஓடும்போது சம்பளத்தைக் குறைப்பதில் எனக்குப் பெரிய எதிர்ப்பு இல்லை. இதைப் படித்துவிட்டு மலேசியாவில் எங்கள் ஊரான பந்திங்கில் பாதிப் பேர் என்னை முறைப்பார்கள், முக்கியமாக கோலாலம்பூர் விமான நிலையமான கே.எல்.ஐ.ஏ.வில் வேலை பார்க்கும் பிள்ளைகளைப் பெற்றவர்கள். முறைக்கட்டும். எவ்வளவு வெட்டு, யாருக்கெல்லாம் வெட்டு, எந்தக் கணக்கைப் பார்த்து வெட்டு, எப்போது திருப்பித் தருவார்கள் என்பதை எழுத்தில் வாங்கியாகிவிட்டதா? நான் கேட்பது அது ஒன்றைத்தான். அதை வாங்கித் தராத தொழிற்சங்கமும் வேண்டாம், சங்கமே இல்லாமல் "நாமெல்லாம் ஒரே குடும்பம்" என்று முதலாளி பேசும் பேச்சும் வேண்டாம்.

போன வாரம் ஊர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு தம்பி, "கோவிட் நேரத்துல சங்கம் என்ன கிழிச்சது?" என்று கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. குழுவில் பதில் எழுதினால் நடுவில் நாலு குட் மார்னிங் படம் வந்துவிடும் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

2020 ஏப்ரலில் ஏர் ஆசியா ஊழியர்கள் பதவிக்கு ஏற்றபடி 15 முதல் 75 விழுக்காடு வரை சம்பளக் குறைப்பை ஏற்றார்கள். தலைமையில் இருந்த டோனி பெர்னாண்டஸும் கமாருடினும் சம்பளமே எடுக்கவில்லை. மேலே இருப்பவருக்கு அதிகம், கீழே இருப்பவருக்குக் குறைவு என்பது சரியான முறைதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் விமானப் பணிப்பெண்ணின் சம்பளச் சீட்டைப் பார்த்திருக்கிறீர்களா? அடிப்படைச் சம்பளம் சின்னது. பறந்தால்தான் அலவன்ஸ், அந்த அலவன்ஸில்தான் கார் கடனும் வீட்டு வாடகையும் ஓடும். விமானம் தரையில் நின்றால் அது மொத்தமாகப் போய்விடும், அடிப்படைச் சம்பளத்தில் வெட்டு அதற்கும் மேலே. காகிதத்தில் 15 விழுக்காடு என்றிருப்பது வீட்டுக்கு வரும்போது பாதிக்கு மேல் போயிருக்கும். கீழே மூட்டை ஏற்றுகிறவருக்கு ஓ.டி.யும் ஷிப்ட் அலவன்ஸும் அப்படித்தான். விழுக்காட்டைப் பற்றி மட்டும் பேசுகிற சங்கத் தலைவர் பாதிக் கணக்கோடு மேசைக்குப் போகிறார்.

மலேசியத் தமிழர்களான நம் ஆட்களுக்குச் சம்பள வெட்டு புதிதா என்ன? 1930-ல் ரப்பர் விலை விழுந்தபோது தோட்டத்தில் ஆண்களின் நாட்கூலி 50 காசிலிருந்து 40 ஆனது, பெண்களுக்கு 40-லிருந்து 32. ஆள் அதிகம் என்று கணக்குப் போட்டு ஆயிரக்கணக்கானோரைக் கப்பலேற்றி ஊருக்கே திருப்பி அனுப்பினார்கள். அப்புறம் விலை ஏறியது, கூலி மட்டும் ஆடி அசைந்து ஏறியது, 1938-ல் மறுபடியும் வெட்டு. 1941-ல் பக்கத்து மாவட்டமான கிள்ளானில் வேலைநிறுத்தம் வெடித்ததற்கு இந்தப் பழைய கோபமும் ஒரு காரணம். சைக்கிளில் போகும்போது தோட்ட மேலாளரான துரையையோ எழுத்தரான கிராணியையோ கண்டால் இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை எடுங்கள் என்பதும் அன்றைய கோரிக்கைகளில் ஒன்று. பட்டாளம் வந்து சுட்டது, உயிர்கள் போயின, முன்னின்று நடத்திய ஆர்.எச். நாதனை நாடு கடத்தினார்கள்.

1954-ல் பி.பி. நாராயணன் தலைமையில் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் வந்த பிறகு, கூலியை ரப்பர் விலையோடு கட்டிய ஒப்பந்தங்கள் வந்தன. அந்தச் சங்கத்தைத் திட்டுவதற்கு எங்கள் ஊரில் ஆள் பஞ்சமே இல்லை. நானும் திட்டுவேன். உலகச் சந்தையின் நட்டத்தைப் பால் மரம் வெட்டுகிற அம்மாவின் தலையில் ஏற்றியது அந்த முறை. ஆனால் அதில் ஒரு நல்ல விஷயம் இருந்தது. ரப்பர் விலை ஊரறிந்த விலை. பேப்பரில் விலையைப் பார்த்துவிட்டு, இந்த மாதம் கூலி ஏன் குறைந்தது, அடுத்த மாதம் ஏற வேண்டுமா வேண்டாமா என்று தொழிலாளர் குடியிருப்பான லயத்து வாசலில் உட்கார்ந்தே கணக்குப் போடலாம். விமான நிறுவனத்தில் அந்த விலைப் பலகை எங்கே இருக்கிறது? எண்ணெய் விலை, விமான வாடகை, டாலர் கடன் எல்லாம் மேலதிகாரியின் அறைக்குள் இருக்கிறது. நட்டம் என்று அவர்கள் சொன்னால் நட்டம்.

அமெரிக்கன் ஏர்லைன்ஸ் கதையை இதற்காகவே எல்லாச் சங்கத்துக்காரர்களும் படிக்க வேண்டும். 2003 ஏப்ரலில் அங்கே மூன்று சங்கங்கள் ஆண்டுக்கு 1.6 பில்லியன் டாலருக்கு மேல் விட்டுக்கொடுத்து, கம்பெனி திவாலாகாமல் காப்பாற்ற ஓட்டுப் போட்டன. அதே நேரத்தில் மேலதிகாரிகள் கம்பெனியை விட்டுப் போகாமலிருக்க ஒரு போனஸும், அவர்கள் பென்ஷனுக்குத் தனிப் பாதுகாப்பு நிதியும் ஏற்பாடாகியிருந்த விஷயம் அதன் பிறகுதான் வெளியே வந்தது. தலைமை அதிகாரி டான் கார்ட்டி அந்த மாதமே பதவி விலக வேண்டியதாயிற்று. யுனைடெட்டில் வேறு கதை. 1994-ல் சம்பளத்தைக் குறைத்துக்கொண்டு 55 விழுக்காடு பங்கை ஊழியர்கள் வாங்கினார்கள். 2002 டிசம்பரில் கம்பெனி திவால் மனு போட்டது, பங்கு மதிப்பில்லாமல் போனது, 2005-ல் பென்ஷன் திட்டத்தையும் கைகழுவிவிட்டது. நிர்வாகம் பங்கைக் கொடுத்து அதற்குப் பதில் சம்பளத்தைக் கேட்டால், அந்தக் கம்பெனியின் கடன் எவ்வளவு என்று முதலில் கேளுங்கள்.

பக்கத்து நாட்டிலும் சண்டை இல்லாமல் இல்லை. 2003-ல் சார்ஸ் வந்து சம்பளம் குறைந்தபோது, சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் விமானிகள் தங்கள் சங்கத் தலைவர்களையே ஓட்டுப் போட்டு இறக்கினார்கள். லீ குவான் யூ நேரில் தலையிட்டு மிரட்டும் அளவுக்குப் போனது. அதே நிறுவனம் 2020-ல் 4,300 வேலைகளைக் குறைத்தது, 2024-ல் கிட்டத்தட்ட எட்டு மாதச் சம்பளத்தைப் போனஸாகக் கொடுத்தது. இருந்தவர்களுக்குக் கிடைத்தது. போனவர்களுக்கு?

நம் நாட்டில் சங்கம் ஏன் பலமாக இல்லை என்று கேட்பவர்கள் 1979-ஐ மறந்துவிடுகிறார்கள். நாட்டின் விமான நிறுவனமான மாஸில் (மலேசியா ஏர்லைன்ஸ்) தகராறு முற்றியபோது சங்கத்துக்காரர்களை உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தில் பிடித்து உள்ளே வைத்தார்கள். விமான ஊழியர் சங்கத்தின் பதிவு ரத்தானது, அதன் இடத்தில் நிறுவனத்துக்குள்ளேயே அடங்கும் சங்கம் வந்தது, அடுத்த வருடம் தொழிற்சங்கச் சட்டத்தையே இறுக்கினார்கள். எம்.எச்.370, எம்.எச்.17 என்ற இரண்டு விமானங்களை மாஸ் இழந்த 2014-ல், அரசின் முதலீட்டு நிறுவனமான கசானா 6 பில்லியன் ரிங்கிட் திட்டத்தோடு வந்து 6,000 பேரைக் குறைக்கப் போவதாக அறிவித்தது. 2015 செப்டம்பரில் புது நிறுவனம் தொடங்கியபோது, பழையதற்கு அது வாரிசு ஆகாது என்று சட்டமே சொல்லிவிட்டது. பழைய ஒப்பந்தத்தைக் கையில் வைத்திருந்த சங்கம் எந்தக் கதவைத் தட்டும்? 2023-ல் அந்தக் குழுமம் 766 மில்லியன் ரிங்கிட் நிகர லாபம் காட்டியது. சந்தோஷம்தான்.

இதிலெல்லாம் பேர்கூட வராதவர்கள் கான்ட்ராக்ட் ஆட்கள். செம்பனைத் தோட்டங்களை அழித்துக் கட்டிய விமான நிலையத்தில், தோட்டத்துப் பேரப்பிள்ளைகள்தான் மூட்டை ஏற்றுகிறார்கள், கூட்டிப் பெருக்குகிறார்கள். என் அக்கா மகன் அதில் ஒருவன். 2020-ல் அவன் கம்பெனி ஒரு பக்கக் கடிதம் கொடுத்தது: மறு அறிவிப்பு வரும்வரை சம்பளமில்லா விடுப்பு. வேலை நீக்கம் இல்லையென்பதால் அரசின் சமூகப் பாதுகாப்பு அமைப்பான சொக்சோவின் வேலையிழப்பு உதவி கிடையாது. சம்பளமில்லா விடுப்பில் இருப்பவர்களுக்கு மாதம் 600 ரிங்கிட் உதவி இருந்தது, ஆனால் அதற்கு முதலாளிதான் விண்ணப்பிக்க வேண்டும். அவர்கள் இழுத்தடித்தார்கள். "மாமா, யாரைப் போய்க் கேக்குறது?" என்றான். சங்கம் இல்லாத இடத்தில் அந்தக் கேள்விக்கு என்னிடமும் பதில் இல்லை. குழுவில் கேட்ட தம்பிக்கும் இதையே சொல்கிறேன்: பெரும்பாலான இடத்தில் கிழிப்பதற்குச் சங்கமே இருக்கவில்லை.

2024 செப்டம்பர் 15 முதல் சட்டம் கொஞ்சம் தளர்ந்திருக்கிறது. ஒரே இடத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட சங்கம் வைக்கலாம். இதனால் சங்கங்கள் தங்களுக்குள் அடித்துக்கொள்ளும் என்று பழையவர்கள் பயப்படுவது சும்மா இல்லை. இருந்தாலும் ஒன்றுமே இல்லாத இடத்துக்கு இது வசதிதான். பதிவு செய்ய ஏழு பேர் கையெழுத்து போதும். என் அக்கா மகனின் ஷிப்டிலேயே அதைவிட அதிகம் பேர் இருக்கிறார்கள், முதல் பெயரை யார் எழுதுவது என்பதில்தான் இழுபறி. நீயே எழுதுடா என்று சொல்லியிருக்கிறேன். பாரத்தை மலாயில் நிரப்ப உதவி வேண்டுமென்றால் உள்பெட்டிக்கு வாருங்கள், ஞாயிற்றுக்கிழமை எனக்கு நேரம் இருக்கிறது.