'பணம் கட்டினால் இங்கிலாந்து அகடமி': சுற்றும் தகவல் பொய்

"14 வயதுப் பிள்ளைக்குப் பதிவுப் பணம் கட்டுங்கள், இங்கிலாந்து உதைபந்தாட்டக் கழகத்தின் அகடமி (இளையோர் பயிற்சிப் பள்ளி), இரண்டு வருடத்தில் முதல் அணி" என்று திருகோணமலை வட்ஸ்அப் குழுக்களில் ஓடித் திரியும் செய்தி பொய்.

18 வயதுக்குக் குறைந்தவரை நாடு விட்டு நாடு பதிவுசெய்ய உலக உதைபந்தாட்டச் சங்கமான பீஃபாவின் வீரர் மாற்ற விதியின் 19ஆம் பிரிவு விடாது. விலக்குகள் சிலதான்: பெற்றோர் உதைபந்தாட்டம் அல்லாத காரணத்துக்காகக் குடிபெயர்வது ஒன்று. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் 16 வயதிலேயே பதிவுசெய்யும் சலுகையும், பிரித்தானியா அந்த ஒன்றியத்தை விட்டு விலகிய பிரெக்சிட்டோடு 2021இல் இங்கிலாந்துக் கழகங்களுக்கு இல்லாமல் போயிற்று. சிறுவர் பதிவில் விதியை மீறியதற்காக 2014இல் ஸ்பெயினின் பெரிய கழகமான பார்சிலோனாவுக்கே தடை விழுந்தது.

பணக் கதையும் தலைகீழ். வீரர் முதன்முறை தொழில்முறை ஒப்பந்தம் செய்யும்போது, 12 வயதிலிருந்து அவரைப் பயிற்றிய கழகங்களுக்குப் புதுக் கழகம்தான் பயிற்சி இழப்பீடு கட்டவேண்டும். பெற்றோரிடம் கேட்பவர் யாரென்று நீங்களே ஊகியுங்கள்.

இரண்டு வருடமா? இங்கிலாந்து அணியின் முன்கள வீரர் ஹரி கேன் 2004இல் லண்டனின் டொட்டன்ஹாம் கழக அகடமிக்கு வந்தவர். 2011 முதல் லேட்டன் ஓரியன்ட், மில்வோல், நோர்விச், லெஸ்டர் என்று நான்கு கழகங்களுக்கு இரவல் போனார். நோர்விச்சில் பாத எலும்பு முறிந்தது. லெஸ்டரில் பல நாள் மாற்று வீரர் வாங்கில்தான். டொட்டன்ஹாம் முதல் அணியில் இடம் நிலைத்தது 2014இல்.

ஏகாம்பரம் மைதானத்துக்குப் பயிற்சிக்கு வரும் பிள்ளையை உள்ளூர்க் கழகத்தில் முறையாகப் பதிந்து வையுங்கள். இழப்பீட்டுக் கணக்கு அந்தப் பதிவிலிருந்துதான் தொடங்கும்.