கன்சாய் விமான நிலையம் கடலுக்குள் போய்விட்டதா?

ஜப்பானில் கடலுக்குள் செயற்கைத் தீவில் கட்டிய கன்சாய் விமான நிலையம் கடல் மட்டத்துக்குக் கீழே போய்விட்டது, சீக்கிரமே மூடப்போகிறார்கள் என்ற செய்தி, வெள்ளம் சூழ்ந்த ஓடுபாதையின் படத்தோடு பரவுகிறது. இது தவறு.

அந்தக் காட்சி 2018 செப்டம்பர் 4-இல் ஜெபி புயல் தாக்கியபோது உண்டானது. பேரலைகள் தடுப்புச் சுவரைத் தாண்டி உள்ளே பாய்ந்தன. தரைக்கு அடியில் இருந்த மின்சாதனங்கள் மூழ்கியதால்தான் சேதம் பெரிதானது. அதே நாளில் ஒரு எண்ணெய்க் கப்பல் இணைப்புப் பாலத்தில் மோத, பயணிகள் தீவிலேயே சிக்கினார்கள். மூன்றே நாளில் சில விமானங்கள் மீண்டும் பறந்தன. பிறகு தடுப்புச் சுவர்களையும் உயர்த்தினார்கள்.

தீவு தாழ்வது மட்டும் உண்மை. ஒசாகா விரிகுடாவின் மென்மையான களிமண் மேல் மண்ணும் பாறையும் கொட்டி உருவாக்கிய தீவு இது. மேல் சுமை அழுத்த அழுத்தக் களிமண்ணில் உள்ள நீர் வெளியேறும், நிலம் இறங்கும். இது கட்டும்போதே கணக்கில் எடுத்த விஷயம்தான், ஆனால் இறக்கம் எதிர்பார்த்ததைவிட அதிகமாகிவிட்டது. 1994-இல் திறந்தபோது ஆண்டுக்குச் சுமார் 50 சென்டிமீட்டர் இறங்கிய முதல் தீவு, இப்போது பத்து சென்டிமீட்டருக்கும் குறைவாகவே இறங்குகிறது. விமான நிலையத்துக்காகப் பிறகு உருவாக்கி, 2007-இல் ஓடுபாதை திறந்த இரண்டாம் தீவு அதைவிட வேகமாகத் தாழ்கிறது.

ஆபத்து அதிகம் எங்கே என்றால், சீரற்ற இறக்கத்தில். ஒரு தூண் மட்டும் கூடுதலாக இறங்கினால் சுவர் விரிசல் விடும். அதனால் முனையக் கட்டடத்தின் தூணை ஜாக்கி வைத்துத் தூக்கி, அடியில் இரும்புத் தகடு செருகி மட்டம் பார்க்கிறார்கள். இப்படிச் சுமார் 900 தூண்கள்!