ஒத்திகைக்கு ஒரு கிளஸ்டர் கொடுத்தீர்களா?

அந்த மெயிலை இதற்குள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். ஞாயிறு காலை முழுக்க ஆப் திறக்காமல் போனதற்கு அந்த நிறுவனம் வாடிக்கையாளர்களுக்கு அனுப்பிய விளக்கம். என் டைம்லைனில் அதை ஆளாளுக்கு ஷேர் செய்து சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். கம்பெனி பெயரை நான் சொல்லப்போவதில்லை, தெரிந்தவர்களுக்குத் தெரியும். மன்னிப்பு, வருத்தம், இனி இப்படி நடக்காது என்பதெல்லாம் வழக்கமான சங்கதி. நடுவில் போகிறபோக்கில் ஒரு வரி வருகிறதே, குபெர்னெட்டிஸ் அப்கிரேடின்போது பணியாளர் ஒருவர் கவனக்குறைவாக இருந்துவிட்டாராம், அதைப் படித்ததிலிருந்து எனக்கு வேலை ஓடவில்லை.

பணியாளர் ஒருவர். அந்த ஒருவர் யார் என்று அந்த ஆபீஸில் டீ கொண்டுவருகிறவர் வரைக்கும் தெரிந்திருக்கும். ராத்திரி கண்விழித்து அப்கிரேடு போட்ட பையன். அவனை புராஜெக்டிலிருந்து எடுத்துவிட்டார்கள் என்றும் கேள்விப்பட்டேன்.

எனக்கு ஒரே ஒரு கேள்விதான். ஒத்திகை பார்க்க அவனுக்கு ஒரு கிளஸ்டர் கொடுத்தீர்களா?

வேறு துறையில் இருக்கும் நண்பர்களுக்காகக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். நிறைய சர்வர்களைச் சேர்த்து ஒரே கூட்டமாக வேலை வாங்குவதுதான் கிளஸ்டர். அதை நடத்தும் மென்பொருள்தான் குபெர்னெட்டிஸ். எந்த சர்வரில் எது ஓட வேண்டும், ஒன்று விழுந்தால் அதை வேறு எங்கே எழுப்ப வேண்டும் என்று பார்த்துக்கொள்வது கண்ட்ரோல் பிளேன். அதற்கென்று தனி மெஷின்கள், வழக்கமாக மூன்று. எல்லாக் கட்டளையும் ஏபிஐ சர்வர் வழியாகத்தான் போகும். கிளஸ்டரின் மொத்த விவரமும் எட்சிடி என்ற டேட்டாபேஸில் இருக்கும். மூன்று மெஷினில் குறைந்தது இரண்டு உயிரோடு இருந்தால்தான் எட்சிடியில் எதையும் எழுத முடியும்.

அப்கிரேடு முடிந்ததும், கிளஸ்டருக்குக் கட்டளை அனுப்பும் குபெசிடிஎல் அடிக்கிறீர்கள். 6443 போர்ட்டில் கனெக்ஷன் ரெஃப்யூஸ்டு என்று வருகிறது. என்ன கோளாறு என்று ஏபிஐ சர்வரிடம்தான் கேட்க வேண்டும், அதுவே இல்லை. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் கண்டெய்னர்கள், அதாவது ஆப்பின் புரோகிராம்களைப் பொதிந்து ஓடவிட்ட பெட்டிகள், உடனே சாகாது, அது ஒரு நிம்மதி. ஆனால் அதில் ஒரு மெஷின் படுத்தால் அங்கிருந்ததை வேறு மெஷினில் எழுப்ப ஆள் கிடையாது. இனி எஸ்எஸ்ஹெச்சில் மெஷினுக்குள் போய், அந்த மெஷினில் கண்டெய்னர்களை ஓட்டும் குபெலெட் ஓடுகிறதா என்று பார்த்து, ஜர்னல்சிடிஎல்லில் அதன் லாகைப் புரட்டி, கிரைசிடிஎல்லில் ஏபிஐ சர்வர் கண்டெய்னர் எழுந்து எழுந்து விழுகிறதா என்று பார்த்து, அதன் லாகைத் திறந்தால், 2379 போர்ட்டில் எட்சிடி கிடைக்கவில்லை என்று அது எட்சிடியைக் கைகாட்டும். எட்சிடி லாகைத் திறந்தால் டிஸ்க் நிரம்பியிருக்கலாம், சர்டிஃபிகேட் காலாவதியாகியிருக்கலாம், பக்கத்து மெஷினைக் காணோம் என்று புலம்பலாம். இவ்வளவையும் ராத்திரி இரண்டு மணிக்கு, கான்ஃபரன்ஸ் காலில் இருபது பேர் "எனி அப்டேட்?" என்று கேட்டுக்கொண்டிருக்கும்போது செய்ய வேண்டும். கவனக்குறைவாம்.

சரி, அப்கிரேடே செய்யாமல் விட்டால் என்ன என்று கேட்பீர்கள். விட முடியாது. குபெர்னெட்டிஸில் வருஷத்துக்கு மூன்று வெர்ஷன் வருகிறது, ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ 14 மாதம்தான் ஆதரவு. அதன்பிறகு பாதுகாப்பு ஓட்டை வந்தாலும் அடைத்துத் தர மாட்டார்கள். குபே-ஏடிஎம் என்ற நிறுவும் கருவி வைத்துக் கட்டிய கிளஸ்டரில் 1.21-இலிருந்து நேராக 1.24-க்குத் தாவவும் முடியாது, ஒவ்வொரு படியாகத்தான் ஏற வேண்டும். ஏறியபின் இறங்க வழியில்லை. ஏறி முடித்தபின் பழைய வெர்ஷனுக்கு ரோல்பேக் செய்யும் வசதி குபே-ஏடிஎம்மில் கிடையாது. எட்சிடி பேக்கப்பிலிருந்து எழுப்புவதுதான் ஒரே வழி. திரும்பி வர வழியில்லாத வேலையை நேராக லைவ் கிளஸ்டரில் செய்யச் சொன்னது அந்தப் பையனா?

கடைசியில் என்டர் தட்டியவனைப் பிடிப்பது எப்போதும் சுலபம். ஊர்த் தேர் சாயும்போது முட்டுக்கட்டை போட்டவனை அடிக்க ஓடும் கூட்டத்தைப் பார்த்திருக்கிறேன். அச்சை மாற்றி எத்தனை வருஷம் ஆயிற்று என்று அந்தக் கூட்டத்தில் ஒருவரும் கேட்டதில்லை.

ரெட்டிட் கதை தெரியுமா? 2023 மார்ச் 14. அவர்கள் ஒரு கிளஸ்டரை 1.23-இலிருந்து 1.24-க்கு ஏற்றினார்கள். மொத்த தளமும் 314 நிமிஷம் படுத்துவிட்டது. கணிதத்தின் பை (3.14) தினத்தில் 314 நிமிஷம், அதுவேறு விதியின் குசும்பு. காரணம் என்ன தெரியுமா? ஒரு லேபிள். கண்ட்ரோல் பிளேன் நோடுகளுக்கு (கிளஸ்டரில் உள்ள மெஷினைத்தான் நோடு என்பார்கள்) அதுவரை "மாஸ்டர்" என்று ஒரு லேபிள் இருந்தது. 1.20-இலேயே "கண்ட்ரோல் பிளேன்" என்று புது லேபிள் வந்துவிட்டது, பழையது 1.24-இல் எடுக்கப்பட்டது. அவர்களுடைய காலிகோ நெட்வொர்க் அமைப்பு, மற்ற மெஷின்களுக்கு வழி சொல்லும் ரூட் ரிஃப்ளெக்டர்களைத் தேர்ந்தெடுத்தது அந்தப் பழைய லேபிளை வைத்து. லேபிள் போனது, ரிஃப்ளெக்டர் போனது, நெட்வொர்க்கே போனது. பேக்கப்பிலிருந்து எழுப்பப் போனால், அதற்கு எழுதிவைத்திருந்த செய்முறை, டாக்கர் என்ற மென்பொருளில் கண்டெய்னர்களை ஓட்டிய காலத்தது. அவர்கள் எப்போதோ அதை விட்டு கிரை-ஓவுக்கு மாறிவிட்டிருந்தார்கள்.

இதையெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? அவர்களே விலாவாரியாக எழுதி ஊருக்குப் படிக்கக் கொடுத்தார்கள். இன்னார்தான் கெடுத்தார் என்று யார் தலையையும் உருட்டவில்லை. 2017 ஜனவரியில், புரோகிராம் கோடைச் சேமித்துவைக்கும் தளமான கிட்லேபில் ஒருவர் தவறான மெஷினில் டேட்டாபேஸ் ஃபோல்டரையே அழித்தார். அந்த அறிக்கையிலும் அவருக்குப் பெயர் இல்லை, "டீம் மெம்பர் 1" அவ்வளவுதான். பேக்கப்புகள் ஏன் வேலை செய்யவில்லை என்பதைத்தான் பக்கம் பக்கமாக எழுதினார்கள். நம்முடைய கம்பெனி மெயிலில் பேக்கப் பற்றி ஒரு வார்த்தை இருக்கிறதா, தேடிப் பாருங்கள்.

இதை நான் வெளியிலிருந்து பேசவில்லை. முன்பு இருந்த ஒரு கம்பெனியில் எனக்கும் அதே 1.24 அப்கிரேடுதான். குபெர்னெட்டிஸையும் டாக்கரையும் இணைக்கும் டாக்கர்ஷிம்மை எடுக்கப்போகிறார்கள் என்பது 2020 டிசம்பரிலேயே சொன்னது, எடுத்தது 2022 மே மாதம். நடுவில் ஒன்றரை வருஷம். அந்த ஒன்றரை வருஷமும் ஸ்டேஜிங்கில், அதாவது ஒத்திகை கிளஸ்டருக்கு, மூன்று மெஷின் கொடுங்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தேன். காஸ்ட் ஆப்டிமைசேஷன் நடக்கிறது, அடுத்த குவார்ட்டரில் பார்ப்போம் என்று பதில் வந்துகொண்டிருந்தது. அடுத்த குவார்ட்டர் வரவே இல்லை, ஆடிட் வந்தது. உடனே இந்த வாரக் கடைசியிலேயே அப்கிரேடு முடியணும் என்றார்கள்.

அந்த வாரக் கடைசியில்தான் என் மைத்துனன் ரிசப்ஷன். பந்தியில் இலை போட்டு உட்கார்ந்திருந்தேன், முதல் மாஸ்டர் மெஷின் எழுந்திருக்கவில்லை என்று போன். மண்டபத்தில் பாத்திரம் அடுக்கியிருந்த அறையில் லேப்டாப்பை விரித்து, மொபைல் ஹாட்ஸ்பாட்டில் உள்ளே போனால், குபெலெட் செத்துச் செத்துப் பிழைக்கிறது. லாகில் தெரியாத ஃபிளாக் (புரோகிராமைத் தொடங்கும்போது கொடுக்கும் குறிப்பு) என்று ஒரு வரி: நெட்வொர்க் பிளகின் ஃபிளாக். டாக்கர்ஷிம்மோடு சேர்த்து அதையும் 1.24-இல் எடுத்துவிட்டார்கள். ஆனால் பழைய குபே-ஏடிஎம் எழுதிவைத்த ஃபிளாக் ஃபைலில் அது அப்படியே கிடக்கிறது. அதை அழித்து ரீஸ்டார்ட் செய்ததும் நோடு ரெடி. கேட்கும்போது அற்பமாகத்தான் இருக்கும். அந்த ஒரு வரியைக் கண்டுபிடிக்கும்வரை என் வயிற்றில் என்ன ஓடியது என்பதை எந்த மெயிலிலும் எழுத முடியாது.

அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. கிளஸ்டர் எழுந்தது, எல்லோரும் கைதட்டினார்கள். சில நாள் கழித்துத்தான் தெரிந்தது, எட்சிடி பேக்கப் ஜாப் ஓடவே இல்லை. நான் சேர்வதற்கு முன்பே யாரோ எழுதிவிட்டுப் போன ஜாப் அது, "மாஸ்டர்" லேபிள் உள்ள நோடில் மட்டும் ஓடு என்று எழுதியிருந்தார்கள். அந்த லேபிளே இப்போது இல்லையே. ஓட இடம் கிடைக்காமல் பெண்டிங்கில் நின்றிருக்கிறது. ரெட்டிட்டைக் கவிழ்த்த அதே லேபிள்! ஸ்டேஜிங் இருந்திருந்தால் இரண்டாம் நாளே கண்ணில் பட்டிருக்கும். நானே கண்டுபிடித்து, நானே சரிசெய்து, நானே மேலே சொன்னேன். ஆர்சிஏ என்ற மூல காரண அறிக்கையில் என்ன எழுதினார்கள் தெரியுமா? அப்கிரேடு செய்தவர் முழுமையாகச் சரிபார்க்கத் தவறினார் என்று. ஒன்றரை வருஷம் மெஷின் கேட்டு நான் அனுப்பிய மெயில்களை இணைப்பாக அனுப்பினேன். பதிலே இல்லை. அந்த வருஷ அப்ரைசலில் "ஓனர்ஷிப் போதவில்லை" என்று வந்தது. பந்தியிலிருந்து எழுந்து போனவனுக்கு.

இனி கமென்டில் என்னென்ன வரும் என்று எனக்குத் தெரியும்.

"ரிலீஸ் நோட்ஸ் படிக்க வேண்டாமா?" படிக்க வேண்டும், படித்தோம். லேபிள் போகிறது என்று ரிலீஸ் நோட்ஸ் சொல்லும். உங்கள் கிளஸ்டரில் எந்த மூலையில், யார், எந்த வருஷம் அந்த லேபிளை எழுதிவைத்தார்கள் என்று அது சொல்லாது. அதைக் கண்டுபிடிக்கத்தான் ஒத்திகை.

"கிளவுடில் மேனேஜ்டு சர்வீஸ் வாங்கியிருந்தால் இந்தத் தலைவலியே இல்லையே?" இதில் பாதி நியாயம் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். கண்ட்ரோல் பிளேனை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். ஆனால் 1.22-இல் வெளி டிராஃபிக்கை உள்ளே விடும் பழைய இன்கிரெஸ் பீட்டா ஏபிஐ போனதும் 1.25-இல் பாட் செக்யூரிட்டி பாலிசி என்ற பாதுகாப்பு வசதி போனதும் அவர்களிடம் இருந்தவர்களுக்கும்தான் போனது. இதையெல்லாம் எழுதிவைத்த உங்கள் யாம்ல் ஃபைலை கிளவுடுக்காரன் வந்து திருத்தித் தர மாட்டான்.

"அவன் உனக்குத் தெரிந்த பையனா?" இல்லை. முகம்கூடத் தெரியாது.

"அதற்குத்தானே சம்பளம் வாங்குகிறீர்கள்?" இதுதான். இதற்குத்தான் இவ்வளவு நீளமாக எழுதவேண்டி வந்தது. வாங்குகிறோம் ஐயா. புது ஃபீச்சர் போட்டவனுக்கு டவுன்ஹாலில் மேடையேற்றி ஷீல்டு கொடுக்கிறீர்கள். வருஷம் முழுக்க ஒன்றும் உடையாமல் பார்த்துக்கொண்டவன் பெயர் அந்த டவுன்ஹாலில் எவருக்கும் தெரியாது, அவனும் கேட்டதில்லை. இவர்களெல்லாம் அப்படி என்னதான் செய்கிறார்கள் என்று பட்ஜெட் மீட்டிங்கில் கேட்கிறீர்கள். டீமில் ஐந்து பேர் இருந்த இடத்தில் இரண்டு பேரை வைக்கிறீர்கள். தீபாவளிக்கு ஊருக்குப் போனால் லேப்டாப்பும் கூடவே வருகிறது. என் பெண் சின்ன வயசில் "அப்பா வேலை என்ன?" என்று ஸ்கூலில் கேட்டதற்கு "போன் பேசுவார்" என்று சொல்லியிருக்கிறாள். அன்றைக்கு நானும் சிரித்தேன். சம்பளத்தில் இதெல்லாம் அடக்கம் என்றால் சரி. ஊர் முழுக்கப் போகும் மெயிலில் "கவனக்குறைவான பணியாளர்" ஆவதும் அடக்கமா? ஆஃபர் லெட்டரில் அப்படி ஒரு பத்தியை நான் பார்த்ததில்லை.

அப்கிரேடுக்கு சேஞ்ச் ரிக்வெஸ்ட் என்று ஒன்று போட்டிருப்பார்கள். அதில் "ரோல்பேக் பிளான்" என்று ஒரு கட்டம் இருக்கும். அங்கே என்ன எழுதியிருந்தது? "ரீஸ்டோர் ஃப்ரம் பேக்கப்" என்று மூன்று வார்த்தை இருந்திருக்கும், நான் பந்தயம் கட்டத் தயார். அந்த பேக்கப்பை யாராவது ஒருமுறையாவது எழுப்பிப் பார்த்தார்களா என்று கேட்காமல் அப்ரூவ் பட்டனை அழுத்தியவர்கள் எத்தனை பேர்? கவனக்குறைவுக்குப் பெயர் போட வேண்டுமென்றால் அந்த வரிசையிலிருந்து ஆரம்பிக்கலாமே. மேலிருந்து கீழாக.

அந்தப் பையன் இதைப் படித்தால் இன்பாக்ஸுக்கு வரட்டும். எனக்குத் தெரிந்த இரண்டு இடத்தில் ஆள் தேடுகிறார்கள், இரண்டிலும் ஸ்டேஜிங் கிளஸ்டர் இருக்கிறது, கேட்டுவிட்டேன். மற்றவர்கள் கமென்ட் போடும் முன் உங்கள் கம்பெனியில் எட்சிடி ஸ்னாப்ஷாட்டைக் கடைசியாக ரீஸ்டோர் செய்து பார்த்த தேதியைக் கேட்டுக்கொண்டு வாருங்கள். தேதியோடு வந்தால் விவாதிக்கலாம். சிரிப்பு ஸ்டிக்கரோடு வருகிறவர்களை பிளாக் செய்கிறேன்.