2048-ல் அண்டார்டிக்கா ஒப்பந்தம் முடிந்துவிடுமா?

"அண்டார்டிக்கா ஒப்பந்தம் 2048-ல் காலாவதியாகிறது, அப்புறம் யார் வேண்டுமானாலும் சுரங்கம் தோண்டலாம்" என்று ஒரு தகவல் சுற்றி வருகிறது. இது தவறு.

1959-ல் கையெழுத்தான அண்டார்டிக்கா ஒப்பந்தத்துக்கு முடிவுத் தேதியே கிடையாது. சுரங்கத் தடை இருப்பது, அந்த ஒப்பந்தத்தோடு சுற்றுச்சூழல் பாதுகாப்புக்காகச் சேர்க்கப்பட்டு 1991-ல் கையெழுத்தான மாட்ரிட் நெறிமுறையில். அதன் 7-ஆம் பிரிவு ஒரே வரிதான்: அறிவியல் ஆய்வு தவிர, கனிம வளம் சார்ந்த எந்தச் செயலுக்கும் தடை. அந்தத் தடைக்கும் கெடு எதுவும் இல்லை.

சரி, 2048 எங்கிருந்து வந்தது? நெறிமுறை 1998-ல் நடைமுறைக்கு வந்தது. அதிலிருந்து 50 ஆண்டு கழித்து, ஒப்பந்தக் கூட்டங்களில் வாக்குரிமை உள்ள எந்த நாடும் மறுஆய்வு மாநாடு கேட்கலாம். கேட்கலாம், அவ்வளவுதான். அங்கே தடையை நீக்கப் பெரும்பான்மை வேண்டும். அதிலும் நெறிமுறை உருவானபோது வாக்குரிமை பெற்றிருந்த நாடுகளில் முக்கால்வாசி சேர வேண்டும். சுரங்கத்தைக் கட்டுப்படுத்தும் சட்ட ஏற்பாடு ஒன்றும் முதலில் அமலில் இருக்க வேண்டும். திருத்தம் நிறைவேறி 3 ஆண்டில் அமலுக்கு வராவிட்டால் ஒரு நாடு நெறிமுறையிலிருந்தே விலகலாம் என்ற வழி இருப்பது உண்மை. எனக்குக் கவலை தருவது அதுதான்.

2016-ல் சிலியின் சாண்டியாகோவில் நடந்த ஒப்பந்தக் கூட்டத்தில் உறுப்பு நாடுகள் இந்தத் தடையை மீண்டும் உறுதி செய்தன. ஆர்க்டிக்கில் இப்படி ஒரு தடை இல்லை. அங்கே 'நீடித்த வளர்ச்சி' பேசும் அரசுகளே எண்ணெயும் எரிவாயுவும் எடுக்கின்றன. தெற்கே கையைக் கட்டியிருப்பது சட்டம். அது தானாகவே காலாவதியாகும் என்று பரப்புவது, அதை உடைக்க நினைப்பவர்களுக்குத்தான் வசதி.