செரண்டிப்பிட்டி: அதிர்ஷ்டம் அல்ல, கொழும்பில் பிறந்ததும் அல்ல

செரண்டிப்பிட்டி (serendipity) என்ற ஆங்கிலச் சொல் பற்றி, ‘செரண்டிப்பிட்டி என்றால் அதிர்ஷ்டம், வெள்ளைக்காரன் கொழும்பை ஆண்டபோது இங்கிருந்து எடுத்த சொல்’ என்று ஒருவர் எழுதியிருப்பதில் இரண்டு பிழைகள்.

ஆங்கிலேயர் ஒல்லாந்தரிடமிருந்து கொழும்பைப் பிடித்தது 1796இல். ஆங்கில எழுத்தாளர் ஹொரஸ் வோல்போல் இந்தச் சொல்லை ஆக்கியதோ 1754 ஜனவரி 28ஆம் திகதி, ஹொரஸ் மான் என்ற நண்பருக்கு எழுதிய கடிதத்தில். அராபியரும் பாரசீகரும் இலங்கையைச் செரண்டிப் என்ற பெயரால் அழைத்தார்கள். அந்நாட்டு இளவரசர் மூவர் பற்றிய பழங்கதையே அவருக்கு மூலம். நம் நாட்டோடு உள்ள தொடர்பு அந்தப் பெயர் வழியாகத்தான்.

பொருள் விஷயம் இன்னும் முக்கியம். வோல்போல் சொன்னது தற்செயலும் கூர்மதியும் சேர்ந்து, தேடாத ஒன்றைக் கண்டறிவது. அவர் தரும் உதாரணம்: வலப்பக்கம் நல்ல புல் இருந்தும், பாதையின் இடப்பக்கப் புல் மட்டும் மேயப்பட்டிருக்கிறது. அதைக் கவனித்த இளவரசன், அவ்வழியே போன கோவேறு கழுதைக்கு வலக்கண் குருடு என்று அறிகிறான். கூர்மதியை எடுத்துவிட்டால் சொல்லின் பாதி போய்விடும். அகராதிச் சுருக்கங்களில் பெரும்பாலும் விடுபடுவதும் அதுதான்.

புறக்கோட்டையில் வாங்கிய லொத்தர் சீட்டுக்குப் பரிசு விழுந்தால் அது வெறும் அதிர்ஷ்டம். ஒரு காணி உறுதியைத் தேடும்போது கையில் பட்ட வேறொரு பழைய ஏட்டின் மதிப்பை உணர்ந்து எடுத்தால், அதற்குத்தான் இந்தச் சொல் பொருந்தும்.